மஞ்சள் தக்காளியும் செம்மஞ்சள் தக்காளியும்: வீட்டுத்தோட்டத்திற்கேற்ற பாரம்பரிய இனங்கள்

தக்காளி என்றதும் செந்நிறப் பழமே நம் கண்முன் தோன்றும். சந்தையிற் பெட்டி பெட்டியாக வந்திறங்குவதும் அதுவே. ஆயினும் ஐரோப்பாவிலே தக்காளியைப்பற்றி முதன்முதலாக எழுதிவைத்தவர்களுள் ஒருவரான இத்தாலிய வைத்தியர் மத்தியோலி, 1544ஆம் ஆண்டில், பழுத்தபின் பொன்னிறமாகும் பழம் என்றே அதனை வருணித்தார். 'பொன் அப்பிள்' என்று பொருள்படும் பெயராலேயே இத்தாலியர் இன்றும் அதனை அழைக்கின்றனர். தக்காளி என்னும் நம் சொல்லோ, இப்பழம் இங்கு வருமுன்னரே மணத்தக்காளி முதலிய நாட்டுச் செடிகளுக்கு வழங்கிய பெயர். கடல் கடந்து வந்த செடியை நம் முன்னோர் சீமைத் தக்காளி என்றனர். நாளடைவிற் சீமை உதிர்ந்து, தக்காளி மாத்திரம் நின்றுவிட்டது.

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர்களுக்கு இப்பொழுது மஞ்சள் தக்காளியைப்பற்றிச் சொல்வானேன் என்று நீங்கள் வினவலாம். கொழும்பிலே கொம்பனித்தெரு, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் மாடிமுற்றங்களிலும் படிக்கட்டுகளின் ஓரத்திலும் சாடிகளில் மரக்கறி வளர்ப்போர் பலர். அவர்களுக்கு மண்ணும் உமியும் நாற்றும் உங்களிடமிருந்தே போகின்றன. அவர்கள் சாடியில் வளர்ப்பதை உங்கள் கிணற்றடியில் ஒரு வரியாக நீங்களும் வளர்க்கலாம். பிறநாடுகளிலுள்ள உறவினர் அனுப்பும் வண்ணப் படமிட்ட விதைப் பைகள் இன்று நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஒருங்கே வருகின்றன. அவற்றினால் விளையக்கூடிய நன்மையையும் தீமையையும் இருசாராரும் அறிதல் வேண்டும்.

புதுச்செடியைப் பரீட்சித்துப் பார்ப்பது கொம்பனித்தெருவுக்குப் புதிய வழக்கமன்று. சேர் யோசப் பாங்ஸ் என்பவரின் ஆலோசனைப்படி, 1810ஆம் ஆண்டில், இந்நாட்டின் தாவரவியற் பூங்கா அங்கேதான் 'கியூ' என்ற பெயருடன் தொடங்கப்பெற்றது. 1813இல் அது களுத்துறைப் பக்கத்துக்கும், 1821இல் பேராதனைக்கும் மாற்றப்பட்டது. பூங்கா போயிற்றாயினும் கியூ வீதி என்னும் பெயர் அங்கு இன்னும் நிலைத்திருக்கின்றது. அன்று பூங்கா இருந்த சுற்றாடலில் இன்று உயர்மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. நிலம் சுருங்கியதனாற் பயிர் சாடிக்குள் புகுந்துகொண்டது.

நிறம் எங்கிருந்து வருகின்றது?

இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நிறத்தின் காரணத்தை அறியாதவர் நல்ல விதையைக் கெட்ட விதையென்று வீசிவிடுகின்றனர். கெட்டதை நல்லதென்று பணம் கொடுத்து வாங்குகின்றனர்.

தக்காளிப் பழத்தைச் சிவக்கச் செய்வது இலைக்கோப்பீன் என்னும் நிறப்பொருள். காய் முதிர்ந்து பழுக்கும் காலத்தில், பச்சையம் மறைய மறைய, இந்நிறப்பொருள் படிப்படியாக உண்டாகின்றது. மஞ்சள் இனங்களில் இவ்வேலையின் முதற்படிக்கு வேண்டிய ஒரு பரம்பரையலகு பழுதாகியிருப்பதால், சிவப்பு ஏறக்குறைய உண்டாவதேயில்லை. பழம் மஞ்சளாகவே நின்றுவிடுகின்றது. செம்மஞ்சள் இனங்கள் பலவற்றில் தடை வேறோரிடத்தில் ஏற்படுகின்றது. அங்கு இலைக்கோப்பீனின் முன்னுருவம் மிகுதியாகச் சேர்ந்து பழத்துக்குச் செம்மஞ்சள் நிறம் தருகின்றது. இன்னுஞ் சில செம்மஞ்சள் இனங்களிலே இலைக்கோப்பீன் பெருமளவிற் பீற்றா கரொற்றீனாக மாறிவிடுகின்றது. கண்ணுக்கு ஒரே செம்மஞ்சள். உள்ளே பொருள் வேறு.

இவ்வேறுபாடு சமையலறையில் முக்கியமானது. "மஞ்சளாக இருப்பதெல்லாம் கண்ணுக்கு நல்லது, விற்றமின் ஏ நிறைந்தது" என்று சொல்லி விற்போரும் நம்பி வாங்குவோரும் உளர். நம் உடலில் விற்றமின் ஏ ஆக மாறுவது பீற்றா கரொற்றீன். மஞ்சள் தக்காளியில் அது சிறிதளவே உண்டு. செம்மஞ்சள் இனங்களுள்ளும் மூன்றாவதாகச் சொன்ன வகையிலேதான் அது மிகுதி. 1950களில் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தார் தக்காளியைக் காட்டினமொன்றுடன் சேர்த்து உண்டாக்கிய 'கரோ ரெட்' இவ்வகையைச் சேர்ந்தது. சாதாரணத் தக்காளியிலுள்ளதைப் போன்று சுமார் பத்து மடங்கு கரொற்றீன் அதில் உண்டென்பர். ஏனைய மஞ்சள், செம்மஞ்சள் பழங்களை அவற்றின் சுவைக்காகவும் விற்றமின் சீக்காகவும் உண்ணலாம். பிள்ளைகளின் கண்ணுக்காக என்றால், வேலியோரத்து முருங்கையிலையும் முற்றத்துப் பப்பாசியும் எந்த மஞ்சள் தக்காளியிலும் மேலானவை.

புளிப்பைப்பற்றியும் இத்தகைய ஒரு நம்பிக்கை உண்டு. மஞ்சள் தக்காளியிற் புளிப்பே இல்லை என்பது சரியன்று. பல இனங்களில் இனிப்புச் சற்று மேலோங்குவதனாற் புளிப்புக் குறைந்ததுபோல் நாவுக்குப் படுகின்றது. சொதிக்கு இப்பழம் மிகப் பொருத்தமானது. சிவப்புத் தக்காளியிட்ட சொதியிலே தேங்காய்ப்பாலின் மஞ்சள் நிறம் மங்கி மண்ணிறமாகும். மஞ்சள் தக்காளியிட்டால் நிறம் கெடுவதில்லை. இரசத்துக்கு மாத்திரம் புளி சிறிது கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெயிலின் மஞ்சள் வேறு

இனிக் கமக்காரர்கள் தவறாது கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்கின்றோம். இலைக்கோப்பீன் உண்டாவதற்கு மிதமான வெப்பம் வேண்டும். பழத்தின் வெப்பம் 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்டு நிற்குமாயின் அதன் உற்பத்தி குன்றிவிடும். பீற்றா கரொற்றீனோ அவ்வெப்பத்திலும் உண்டாகிக்கொண்டிருக்கும். ஆகவே சிவப்பு இனத்தின் பழமும், கடும் வெயிலிற் காய்ந்து பழுத்தால், தோட்பட்டையிலே மஞ்சளும் செம்மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக நின்றுவிடும். இதைக் கண்டு, "விதை கலந்துவிட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று முறையிடுவோர் ஆண்டுதோறும் நம்மிடம் வருகின்றனர்.

இதனைச் சோதித்தறிதல் எளிது. அதே செடியில் நிறந்திரும்பும் தறுவாயிலுள்ள ஒரு காயைப் பறித்து, வீட்டினுள்ளே குளிர்ந்த நிழலான இடத்தில் வைக்க வேண்டும். நான்கைந்து நாளில் அது நன்றாகச் சிவந்தால் விதையிற் குற்றமில்லை, குற்றம் வெயிலினது. அவ்வாறான தோட்டத்தில் பழங்களை நிறந்திரும்பியவுடன் பறித்து நிழலில் பழுக்கவைப்பதே பரிகாரம். இலையைக் கண்டபடி கிள்ளிப் பழத்தை வெயிலுக்குத் திறந்துவிடவும் கூடாது. நிழலில் வைத்தும் பழம் மஞ்சளாகவே பழுக்குமாயின் அது இனத்தின் நிறம்.

இதிலிருந்து மஞ்சள் இனத்துக்கு ஒரு நன்மை இருப்பதைக் காணலாம். அது சிவக்க வேண்டியதில்லையாதலால், கொழும்பின் வெயிலிலும் நிறங்குன்றாமற் பழுக்கும். மாடிமுற்றத்துச் சீமெந்துச் சுவர் பகலெல்லாம் அனலை உமிழும் இடத்தில் இது சிறிய நன்மையன்று.

எந்த இனத்தைத் தேர்வது?

பாரம்பரிய இனம் என்பது பல தலைமுறையாக மக்கள் தம் கையால் விதையெடுத்துப் பேணிவந்த இனம். அதன் விதையை இட்டால் அதுவே முளைக்கும். கலப்பினமோ ஒருமுறைக்கே உரியது. அதன் விதையிலிருந்து பலவகைச் செடிகள் தோன்றும். யப்பானில் உருவான 'சன் கோல்ட்' என்னும் செம்மஞ்சள் சிறுதக்காளி மிக இனியதுதான். ஆனால் அது கலப்பினம். பாரம்பரிய இனமென்று அதனை விற்பவர் அறியாமற் சொல்கின்றார், அல்லது அறிந்தே சொல்கின்றார்.

மேல்நாட்டுப் பட்டியல்களில் நாவில் நீரூறச் செய்யும் படங்கள் பல உண்டு. 'கெலொக்ஸ் பிரெக்பஸ்ட்' என்னும் செம்மஞ்சள் இனத்தின் பழமொன்று அரைக் கிலோ வரை நிறை கொள்ளும். அதனை வளர்க்கக் கொழும்பிலும் பலர் ஆசைப்படுவர். நாம் அதனைச் சிபாரிசு செய்யமாட்டோம். தக்காளிப் பூ காயாவது இரவின் வெப்பத்தைப் பொறுத்தது. இரவில் 21 பாகைக்கு உட்பட்டிருந்தால் நன்று. 24 பாகையைக் கடந்தால் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரும். கொழும்பில் சித்திரை, வைகாசி இரவுகளின் வெப்பம் பெரும்பாலும் இவ்வளவைக் கடந்தே நிற்கும். பெரும்பழ இனங்களே இவ்வெப்பத்தால் முதலில் தோற்பவை. ஆளுயரம் வளர்ந்து, இலை தழைத்து, பூத்துப் பூத்து உதிர்ந்து, ஈற்றில் இரண்டு காயோடு நிற்கும் செடியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

சிறுபழ இனங்கள் வெப்பத்தை ஓரளவு தாங்கும். அவற்றுள் முதலாவது 'மஞ்சட் பெயார்'. மேனாடுகளில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக வளர்க்கப்பட்டுவரும் இனம் இது. பழம் பெருவிரலளவு, கழுத்துச் சிறுத்து அடி பருத்த வடிவம். குலை குலையாகக் காய்க்கும். சுவையோ அவ்வளவு ஆழமானதன்று என்பது எம் கருத்து. பிள்ளைகள் விரும்பி உண்பர். கொடி ஆறேழு அடிக்கு மேலும் ஓடுமாதலாற் கம்போ கயிறோ அவசியம். அடுத்தது 'சோன் ஃபிளாம்' என்னும் பிரெஞ்சு இனம். சிறிய செம்மஞ்சட் பழம், முன்னதாகவே காய்க்கும், இனிப்பும் புளிப்பும் ஒத்து நிற்கும். ஒரே சாடி வைக்க இடமுள்ளவருக்கு இதனையே சொல்வோம். நடுத்தரப் பழம் வேண்டுவோர், 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பரிசுபெற்ற 'யூபிலி' என்னும் செம்மஞ்சள் இனத்தை மார்கழி நடுகையில் மாத்திரம் முயன்று பார்க்கலாம்.

வயலில் ஏக்கர் கணக்கில் இவற்றைப் பயிரிட எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. சந்தை கேட்பது சிவப்புத் தக்காளியை. அதுவும் உறுதியான தோலுடையதை. மஞ்சட் பாரம்பரியப் பழங்களின் தோல் மெல்லியது. மழை பெய்தால் வெடிக்கும். லொறிப் பயணத்தைத் தாங்காது. திணைக்களம் வெளியிட்ட திலின போன்ற இனங்களை விட்டுவிட்டு இதற்கு மாற வேண்டாம். கிணற்றடியில் ஒரு வரி, வீட்டுக்காகவும் தெரிந்த வாடிக்கைக்காரருக்காகவும், போதும்.

நடுங் காலம்

கொழும்பில் நாற்றிடும் காலம் கார்த்திகை முதல் வாரம். ஐப்பசி, கார்த்திகை மழை நாற்றை அழித்துவிடுமாதலால், ஒளி புகும் பொலித்தீன் கூரையின்கீழ் தட்டுகளில் விதைக்க வேண்டும். விதை ஐந்து முதல் எட்டு நாளில் முளைக்கும். மூன்று நான்கு வாரத்து நாற்றை மார்கழி நடுப்பகுதியிற் சாடிக்கு மாற்றினால், பூக்குங் காலம் தை மாதத்தில் வரும். அப்பொழுது இரவு குளிர்ந்திருக்கும், மழையும் குறைவு. மாசி, பங்குனியில் பழம் பறிக்கலாம். சித்திரையில் விதைத்து ஆடியில் பழம் எதிர்பார்ப்பவர், தென்மேற்குப் பருவமழையோடும் இலையழுகல் நோயோடும் போராட நேரிடும்.

சாடியும் மண்ணும்

சாடி ஓரடிக்குக் குறையாத ஆழமும், பதினைந்து முதல் இருபது லீற்றர் கொள்ளளவும் உடையதாக இருத்தல் வேண்டும். வெறுமையான பூச்சுத் தகரம், பசளைப் பை, பழைய வாளி எதுவாயினும் அடியிற் துளையிட்டுக்கொண்டாற் சரி. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடம் தேவை. காலை வெயில் விழும் கிழக்குப் பக்கம் உத்தமம்.

மண்ணே எல்லாவற்றிலும் முக்கியம். கொழும்பின் சுற்றுவட்டாரம் ஈரவலயம். அவ்விடத்து வெப்பமான ஈரமண்ணில் பற்றீரியா வாடல் நோய்க்கிருமி தங்கியிருக்கும். பாரம்பரிய மஞ்சள் இனங்களுக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இல்லை. பூக்கும் வரை செழித்து நின்ற செடி, இலை மஞ்சளாகாமலே, ஒரு மத்தியானத்தில் துவண்டு மூன்றாம் நாள் மாண்டுபோகும். தண்ணீர் போதவில்லையென்று எண்ணி மேலும் மேலும் ஊற்றுவோர் கிருமிக்கு உதவி செய்கின்றனர்.

நோயைத் தெளிவாக அறிய ஒரு வழி உண்டு. வாடிய செடியின் அடித்தண்டில் இரண்டங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் வெட்டுமுகம் படுமாறு தொங்கவிட வேண்டும். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால்போன்ற வெண்ணிற நூல் இறங்குமாயின் அது பற்றீரியா வாடலே. இதற்குத் தெளிக்கும் மருந்து கிடையாது. செடியை மண்ணோடு அகற்றி, அச்சாடியிற் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் நடாது விட வேண்டும். அவையெல்லாம் ஒரே குடும்பம். ஒரே கிருமிக்கு இரையாவன. வெட்டிய கத்தியை அப்படியே அடுத்த செடிக்குக் கொண்டுபோகலாகாது.

இங்கேதான் நெற்செய்கையாளரின் உதவி தேவைப்படுகின்றது. நீர் தேங்கி நெல் விளைந்த வயலில் இக்கிருமி பெருகுவதில்லை, குறைந்து போகின்றது. ஆகவே கொழும்புக்கு மண் அனுப்புவோர் கத்தரித் தோட்டத்து மண்ணை அள்ளாமல், வயல் வரம்போரத்து மண்ணை அனுப்புவார்களாக. வாங்குவோரும் "இம்மண்ணில் முன்பு என்ன பயிர் நின்றது?" என்று கேட்டு வாங்குதல் நன்று. அம்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூளும் கரியாக்கிய உமியும் சேர்ந்து ஒரு பங்கு எனக் கலந்துகொள்ள வேண்டும். வயல்மண் மாத்திரமாயின் சாடியில் இறுகிக் கல்லாகிவிடும். வீட்டைச் சுற்றியுள்ள நகரமண்ணை இடுவதை நாம் ஊக்குவிப்பதில்லை. இடிந்த கட்டடத்துச் சுண்ணாம்பும் பழைய பூச்சும் எண்ணெயும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பது பார்வைக்குத் தெரியாது.

சாடியை நேரே நிலத்தில் வைக்காது இரண்டு செங்கல்லின்மேல் வையுங்கள். வேர் துளைவழியாகக் கீழ்மண்ணுக்குப் போகாது. ஆனால் சாடியின்கீழ் நீர் ஏந்தும் தட்டு வைக்க வேண்டாம். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும். அயலவரின் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவித்துத் தக்காளி உண்பது முறையன்று.

நிலத்திலேயே நட விரும்புவோரும், ஒருமுறை வாடலால் இழந்தோரும் ஒட்டுக்கட்டுதலைக் கற்றுக்கொள்ளல் நன்று. கத்தரி தக்காளிக்கு உறவு. வாடலைத் தாங்கும் கத்தரியினங்கள் உண்டு. தாய்வானிலுள்ள உலக மரக்கறி நிலையம் இதற்கெனச் சிபாரிசு செய்த கத்தரி வகைகளுள் 'ஈஜி 203' ஒன்று. கத்தரி மெதுவாக வளருமாதலால் அதனைச் சில நாள் முன்னதாக விதைக்க வேண்டும். இரண்டின் தண்டும் ஒரே பருமனாக வரும்போது, கத்தரியின் அடியையும் தக்காளியின் நுனியையும் சாய்வாக வெட்டி, சிறிய இறப்பர்க் குழாய்த் துண்டொன்றினுள் இரண்டையும் பொருத்த வேண்டும். ஒரு வாரம் ஈரக்காற்றுள்ள நிழலில் மூடி வைத்தபின் சிறிது சிறிதாக வெளிச்சத்துக்குப் பழக்க வேண்டும். பத்துக் கட்டினால் முதலில் மூன்று நான்கே பிழைக்கும். கை பழகப் பழக மேலும் பிழைக்கும். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். ஒட்டு மண்ணுள் புதைந்தால் தக்காளி தன் சொந்த வேரை விட்டுவிடும். கட்டிய பயன் போய்விடும்.

பராமரிப்பு

நீர் ஊற்றுவதில் ஒழுங்கு வேண்டும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடங்குடமாக ஊற்றினால், முதலில் காயின் அடிப்புறம் கறுத்து அழுகும். பின்னர் பழம் வெடிக்கும். அடியழுகல் நோயன்று, சீரற்ற நீரினால் கல்சியம் காய்க்குப் போய்ச் சேராமையே காரணம். யூரியாவை மிகுதியாக இடுவதும் இதனை வளர்க்கும். சாடியொன்றுக்கு இரு வாரத்துக்கொருமுறை இரு கை கூட்டெருவும், கிளிசரிடியா இலையை ஊறவைத்து ஐந்து மடங்கு நீர் கலந்த கரைசலும் போதுமானவை.

இலைக்கக்கத்தில் எழும் தளிர்களைக் கிள்ளி, ஒன்றிரண்டு தண்டுகளை மாத்திரம் ஏற்றிக் கட்டுங்கள். உயர்மாடியில் வண்டும் காற்றும் குறைவாயின், காலை ஒன்பது பத்து மணிக்குப் பூங்குலையை விரலால் மெல்லச் சுண்டிவிட வேண்டும். தக்காளிப் பூ அதிர்வினாலேயே மகரந்தத்தை உதிர்க்கும். இலை சுருண்டு செடி குறுகினால் அது வெண்ணீ கொண்டுவரும் வைரசு; அச்செடியைத் தயங்காமற் பிடுங்கி அகற்றுங்கள்.

மஞ்சட் பழத்தைப் பறிக்கும் பக்குவம் அறியாது பலர் காத்திருந்து இழக்கின்றனர். சிவக்கும் என்று காத்திராதீர்கள். வெளிர்மஞ்சள் மாறி ஆழ்ந்த பொன்னிறமாகி, தொட்டால் சற்று நெகிழ்ந்தால் அதுவே பருவம்.

விதையை எங்கே பெறுவது?

இலண்டனிலிருந்தும் தொரன்றோவிலிருந்தும் வரும் கடித உறையினுள் பத்து விதை வைத்தனுப்பும் வழக்கம் இருக்கின்றது. அன்பினாற் செய்வதுதான். ஆயினும் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதிப்பத்திரமின்றி விதையை நாட்டுக்குள் கொண்டுவரலாகாது. இது வெறும் சட்டப் பேச்சன்று. 2014ஆம் ஆண்டில் இசிரவேலிலும், 2015இல் யோர்தானிலும் காணப்பட்ட தக்காளியின் மண்ணிறச் சுருக்கப்பழ வைரசு, சில ஆண்டுகளுக்குள்ளேயே பல கண்டங்களுக்குப் பரவிற்று. அது விதையின் மேலும், கையிலும், உடையிலும், கத்தியிலும் ஒட்டிச் செல்லக்கூடியது. ஒரு வீட்டுச் சாடியில் இறங்கும் அவ்வைரசு, மண் ஏற்ற வந்த லொறியோடு உங்கள் தோட்டத்துக்கும் வந்துசேரலாம். ஆதலால் உறவினரிடம் விதை கேட்க வேண்டாம். அனுமதிபெற்ற விதை வியாபாரியிடமே கேளுங்கள்.

மற்றொரு வழியும் இருக்கின்றது. கொழும்புக் கடைகளில் மஞ்சட் சிறுதக்காளி சில வேளைகளில் விற்பனைக்கு வருவதுண்டு. அது பெரும்பாலும் கலப்பினமாகவே இருக்கும். அதன் விதையை இட்டால் பழத்தின் வடிவும் சுவையும் செடிக்குச் செடி வேறுபடும். ஆனால் மெய்யான மஞ்சள் நிறம் மாறாது. சிவப்பு ஆளும் குணம். மஞ்சள் அடங்கும் குணம். பெற்றோர் இருவரிடமிருந்தும் மஞ்சளைப் பெற்றாலன்றிப் பழம் மஞ்சளாகாது. ஆகவே தன் பூவிலேயே கருவுறும் மஞ்சள் செடி மஞ்சளையே பெறும். அவற்றுள் நன்றாகக் காய்க்கும், சுவைமிக்க ஒரு செடியைத் தெரிந்து, அதன் விதையையே ஆறேழு தலைமுறை தொடர்ந்து எடுத்துவந்தால், உங்களுக்கென்றே ஓர் இனம் நிலைபெற்றுவிடும். பாரம்பரிய இனங்கள் பலவும் இவ்வாறு பிறந்தவையே.

இதே விதியினால் நேரும் ஒரு வேடிக்கையையும் சொல்லிவைக்கலாம். மஞ்சள் செடியையும் செம்மஞ்சள் செடியையும் அருகருகே வைத்து, அவை ஒன்றோடொன்று கலந்துவிட்டால், அடுத்த ஆண்டு முளைப்பது பெரும்பாலும் சிவப்புத் தக்காளி! ஒன்றிலே கெட்டிருக்கும் பரம்பரையலகு மற்றதில் நன்றாக இருப்பதால், இரண்டும் கூடியவுடன் தடைகள் நீங்கிச் சிவப்புத் திரும்பிவிடுகின்றது. அது விதைக்காரரின் களவன்று. விதைக்கென்று விடும் பூங்குலையை, மலருமுன்னரே மெல்லிய மஸ்லின் துணிப்பையாற் கட்டிவிட்டால் இக்கலப்பு நேராது. பையின்மேல் விரலாற் சுண்டிவர வேண்டும். காய் பிடித்தபின் பையை அகற்றி, நூலால் அடையாளமிடுங்கள்.

விதையெடுத்தல்

நோயற்ற செடியின் இரண்டாம், மூன்றாம் குலைகளில் நன்கு பழுத்த பழங்களைத் தெரிய வேண்டும். விதையைச் சாற்றுடன் கண்ணாடிப் பாத்திரத்திற் பிழிந்து, சிறிது நீர்விட்டு, இரண்டு நாள் நிழலில் வையுங்கள். மேலே வெண்ணிறப் படலம் தோன்றி, விதையைச் சூழ்ந்த வழுவழுப்பு நீங்கும். கொழும்பின் வெப்பத்தில் மூன்றாம் நாளும் விட்டால் விதை அதிலேயே முளைக்கத் தொடங்கும். பலமுறை கழுவி, மிதப்பவற்றைக் கழித்து, அடியில் தங்குவனவற்றைப் பீங்கான் தட்டிற் பரப்பி, நிழலில் காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். கடதாசியிலிட்டால் ஒட்டிக்கொள்ளும், கடும் வெயிலிலிட்டால் கரு வெந்துவிடும்.

கடற்காற்றின் ஈரம் விதைக்குப் பகை. வெள்ளவத்தைக் கடலோரத்தில் திறந்து வைத்த விதை அடுத்த பருவத்துக்குத் தாக்குப்பிடிப்பது அரிது. ஒரு பிடி அரிசியை வறுத்து ஆறவைத்து, இறுகமூடும் போத்தலின் அடியிலிட்டு, கடதாசி உறையிற் சுற்றிய விதையை அதன்மேல் வைத்து மூடுங்கள். அரிசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை அதனை மாற்ற வேண்டும். உறையின்மேல் இனத்தின் பெயர், பழத்தின் நிறம், எடுத்த மாதம், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவையுங்கள். அடுத்த ஐப்பசிக் கடைசியிற் பத்து விதையை ஈரத்துணியிற் சுற்றிவைத்துப் பாருங்கள். எட்டு முளைத்தால் வழமைபோல் விதைக்கலாம். ஐந்துக்குக் குறைந்தால் இரட்டிப்பாக விதைத்து, அவ்வாண்டே புதுவிதை எடுத்துக்கொள்ள வேண்டும்.